அழாத குழந்தையின் நெஞ்சுத் துடிப்பு

ஒரு வயதுக் குழந்தை. பழக்கமில்லாத அறை, தரையில் பொம்மைகள். அம்மா எழுந்து வெளியே போகிறாள், கொஞ்ச நேரத்தில் திரும்பி வருகிறாள். சில குழந்தைகள் அழும். அம்மா வந்ததும் தாவி ஏறி, சற்று நேரத்தில் சமாதானமாகி மறுபடி பொம்மையிடம் போய்விடும். சில குழந்தைகள் அம்மா தூக்கிய பிறகும் அடங்காமல், அவளையே உதைத்து உதைத்து அழும். மூன்றாவது வகை ஒன்று உண்டு. அம்மா போனாலும் கண்டுகொள்ளாது, வந்தாலும் கண்டுகொள்ளாது. "என்ன சமத்து!" என்போம் நாம். அமெரிக்காவின் பால்டிமோரில் மேரி எய்ன்ஸ்வொர்த் உருவாக்கிய இந்தச் சோதனையை, பின்னால் வந்தவர்கள் இதயத் துடிப்பை அளந்துகொண்டே செய்து பார்த்தார்கள். சமத்துக் குழந்தையின் இதயமும் அழும் குழந்தையுடையதைப் போலவே வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. அமைதி முகத்தில் மட்டும்தான்.

முகத்துக்கு வராத அந்தத் துடிப்பு முப்பது, நாற்பது வருடம் கழித்து உடம்பில் எங்கே போய் நிற்கிறது? தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சுகர், பிரஷர், தலைவலி, வயிற்றெரிச்சல் என்று விடிகாலையிலேயே கிளினிக் பெஞ்சில் வந்து உட்காரும் நம் ஆட்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வரும்.

இதற்கெல்லாம் அடிப்படை போட்டவர் ஜான் போல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர். போரில் வீடிழந்த குழந்தைகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்கு 1951-இல் அறிக்கை எழுதிக் கொடுத்தவர். குழந்தை தாயை ஒட்டிக்கொள்வது பாலுக்காக மட்டுமில்லை, பயம் வந்தால் ஓடிப்போய் நிற்க ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக என்பது அவர் வாதம். இந்த ஒட்டுதலைத்தான் 'பிணைப்பு' என்கிறார்கள். எய்ன்ஸ்வொர்த் அதை முதலில் நேரில் பார்க்கப் போனது நம் கண்டத்துக்குத்தான். 1950-களின் நடுவில் உகாண்டாவில், கம்பாலாவை ஒட்டிய கிராமங்களில் 26 குடும்பங்களின் வீடுகளில் மாதக்கணக்கில் போய் உட்கார்ந்து கவனித்தார். பிள்ளையைத் தாய் மட்டும் பார்த்துக்கொள்வதில்லை, சொந்தக்காரர்களும் சேர்ந்து பார்த்துக்கொள்கிறார்கள் என்பதை அங்கேதான் பார்த்தார். ஒரு குழந்தை பலரிடம் பிணைப்பு வைக்க முடியும். ஆயாவும் தாத்தாவும் சித்தியும் ஒரே கூரைக்குக் கீழே இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை.

பெரியவர்களிடமும் இதே சாயல் உண்டு என்று சிண்டி ஹேசனும் ஃபிலிப் ஷேவரும் 1987-இல் காட்டினார்கள். 1991-இல் கிம் பார்த்தலோமியூவும் லெனர்ட் ஹோரோவிட்ஸும் அதை நான்காகப் பிரித்தார்கள். பாதுகாப்பான பிணைப்பு உள்ளவர் தேவைப்பட்டால் உதவி கேட்பார், கிடைத்தால் அமைதியாவார். பதற்றப் பிணைப்பு என்பது ஜோஹனஸ்பர்க்கில் இருக்கும் மகன் ராத்திரி வாட்ஸ்அப்பில் பதில் போடாவிட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பெரியம்மா. விலகல் பிணைப்பு என்பது காலில் புண்ணை வைத்துக்கொண்டு, "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று சாக்ஸுக்குள் மறைக்கும் மாமா. நான்காவது அச்சப் பிணைப்பு. உதவியும் வேண்டும், கேட்டால் அவமானப்படுத்திவிடுவார்களோ என்ற பயமும் இருக்கும். கிளினிக் வாசல் வரை போய்த் திரும்பி வருகிறவர் இவர். யாரும் ஒரே பெட்டிக்குள் முழுசாக அடங்குவதில்லை. அதனால் இப்போது ஆய்வாளர்கள் பதற்றம் எவ்வளவு, விலகல் எவ்வளவு என்று இரண்டு அளவுகளாகவே பார்க்கிறார்கள். பேச வசதியாக இருப்பதால் பெட்டிப் பெயர்களை நான் விடவில்லை.

சரி, உடம்புக்கு வருவோம். பால் செஹனோவ்ஸ்கி என்ற அமெரிக்க மனநல மருத்துவரின் குழு, பொது மருத்துவரிடம் போகும் சுமார் 700 பெண்களை ஆராய்ந்து 2002-இல் முடிவுகளை வெளியிட்டது. பதற்றப் பிணைப்பு உள்ளவர்களும் அச்சப் பிணைப்பு உள்ளவர்களும் பாதுகாப்பான பிணைப்பு உள்ளவர்களைவிட அதிகமான உடல் தொந்தரவுகளைச் சொன்னார்கள். இதுவரை ஆச்சரியம் ஒன்றுமில்லை. அடுத்ததுதான் விஷயம். பதற்றக்காரர்கள் மருத்துவரிடம் எல்லோரையும்விட அதிகமாகப் போனார்கள். அச்சக்காரர்களோ, அதே அளவு தொந்தரவு இருந்தும், எல்லோரையும்விடக் குறைவாகப் போனார்கள். ஒரே வலி, ஒருத்தி மாதம் மூன்று தடவை டாக்டரைப் பார்க்கிறாள், இன்னொருத்தி வருடத்தில் ஒரு தடவை. டாக்டரின் மேசையிலிருந்து பார்த்தால் முதலாமவள் 'சும்மா புலம்புகிறவள்', இரண்டாமவள் 'நல்ல ஆரோக்கியம்'. இரண்டு கணக்கும் தப்பு.

இதே குழு அதற்கு முந்தைய வருடம் சுகர் நோயாளிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளியினரிடம் சுகர் மிக அதிகம்; டர்பனின் இந்தியர் குடியிருப்புகளான சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ அது எட்டிப் பார்க்காத குடும்பத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஆய்வில் மூன்று மாத சராசரி சர்க்கரை அளவு மோசமாக இருந்தது பதற்றக்காரர்களிடம் இல்லை, விலகல்காரர்களிடம். அதிலும், டாக்டர் தன் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை என்று நினைத்த விலகல்காரர்களிடம் இன்னும் மோசம். எந்நேரமும் கவலைப்படும் பெரியம்மா மாத்திரையை மறப்பதில்லை. யாரையும் சார்ந்திருக்காத மாமாதான் மறக்கிறார். பாதத்தைப் பார்த்துக்கொள்வதிலும் சாப்பாட்டிலும் உடற்பயிற்சியிலும் இவர்கள் பின்தங்குவதைப் பிறகு வந்த ஆய்வுகளும் சொல்லின. 2010-இல் வெளியான ஒன்று, 3,500-க்கும் மேற்பட்ட சுகர் நோயாளிகளை ஐந்து வருடம் பின்தொடர்ந்து, பிறரை நம்பி நெருங்காதவர்களிடம் இறப்பு விகிதமே கூடுதலாக இருந்ததைக் காட்டியது. நம் குடும்பங்களில் பெருமையாகச் சொல்லப்படும் 'அவர் யாருக்கும் தொந்தரவு கொடுக்க மாட்டார்' என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்கு இப்போது கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிறது.

இது எப்படி நடக்கிறது? டொரோண்டோவின் ராபர்ட் மாண்டரும் ஜோனத்தன் ஹண்டரும் 2001-இல் மூன்று வழிகளைச் சொன்னார்கள். ஒன்று, உடம்பின் அவசர ஏற்பாடு. ஆபத்து என்று மூளை நினைத்தால் அட்ரினலின் பாயும், பின்னாலேயே கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறும். பக்கத்தில் நம்பிக்கையான ஆள் இருந்தால் இது சீக்கிரம் இறங்கிவிடும். ஜேம்ஸ் கோன் என்ற உளவியலாளர் 2006-இல் இதைப் படம் பிடித்தே காட்டினார். 16 மணமான பெண்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, லேசான மின் அதிர்ச்சி வரலாம் என்று சொன்னார். கணவன் கையைப் பிடித்திருந்தபோது ஆபத்தைக் கவனிக்கும் மூளைப் பகுதிகள் அடங்கின. முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்தபோதும் அடங்கின, ஆனால் குறைவாக. மணவாழ்வு எவ்வளவு நன்றாக இருந்ததோ அவ்வளவு அடக்கம். பிடிக்க அப்படி ஒரு கை இல்லாதவருக்கு, அல்லது இருக்கும் கையை நம்ப முடியாதவருக்கு, அந்த ஏற்பாடு இறங்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இரண்டாவது வழி, ஆள் தராத ஆறுதலைப் பொருளிடம் தேடுவது. சிகரெட், பியர், ராத்திரி பத்து மணிக்கு ஒரு தட்டு பிரியாணி, கடையில் ஒற்றைப் பாக்கெட்டாக வாங்கும் தலைவலித் தூள். இந்தத் தூளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்பிரின், பாரசிட்டமால், காஃபின் மூன்றும் கலந்த இந்த மாதிரி மருந்தை மாதத்தில் பத்து நாள் அல்லது அதற்கு மேல் மாதக்கணக்கில் எடுத்தால், அந்த மருந்தே தினசரித் தலைவலியைக் கொண்டுவந்துவிடும். மனக்கஷ்டத்தில் ஆரம்பித்த தலைவலி, மருந்துத் தலைவலியாகி வருடக்கணக்கில் நிற்கும். மூன்றாவது வழியை ஏற்கெனவே பார்த்துவிட்டோம்: டாக்டரிடம் எப்போது போகிறோம், போனால் என்ன சொல்கிறோம், அவர் சொன்னதை நம்புகிறோமா என்பது.

இங்கே ஒரு சந்தேகம் எழ வேண்டும். பதற்றக்காரர் எல்லாவற்றையும் பெரிதாகச் சொல்பவர்தானே, நோயையும் பெரிதாகச் சொல்லியிருக்கலாமே? நியாயமான கேள்வி. டேவிட் வாட்சனும் ஜேம்ஸ் பென்னபேக்கரும் 1989-இலேயே இதைப் போட்டு உடைத்தார்கள். கவலை மனம் உள்ளவர்கள் உடல் தொந்தரவுகளை அதிகம் சொல்கிறார்கள்; ஆனால் அவர்களுடைய நீண்டகால உடல்நலம் அந்த அளவுக்கு மோசமாக இல்லை. ஆகவே 'எத்தனை தொந்தரவு?' என்று கேள்வித்தாளில் மட்டும் கேட்டு முடித்த ஆய்வுகளைப் படிக்கும்போது கொஞ்சம் உப்பு போட்டுத்தான் சாப்பிட வேண்டும். கனடாவின் லாக்லன் மெக்வில்லியம்ஸ் 2010-இல் அமெரிக்கத் தேசியக் கணக்கெடுப்பில் பங்கெடுத்த 5,600-க்கும் மேற்பட்டவர்களின் தரவைப் பார்த்து, பதற்றப் பிணைப்புக்கும் மாரடைப்பு, பக்கவாதம், உயர் ரத்த அழுத்தம், குடற்புண்ணுக்கும் தொடர்பு கண்டார். விலகல் பிணைப்பு அடிக்கடி தலைவலி போன்ற வலி நோய்களோடு ஒட்டியது. பெரிய ஆய்வுதான். ஆனால் அதுவும் மக்கள் தாங்களே சொன்னது, ஒரே சமயத்தில் கேட்டது. எது முன்னே, எது பின்னே என்று அதில் தெரியாது.

அதனால் இரண்டு வேறு வகை ஆய்வுகளுக்கு நான் அதிக மதிப்பு கொடுப்பேன். ஓஹையோவில் லீசா ஜாரெம்கா குழு 2013-இல் 85 தம்பதிகளின் உமிழ்நீரையும் ரத்தத்தையும் சோதித்தது. பதற்றம் கூடியவர்களிடம் கார்ட்டிசால் சராசரியாக 11% அதிகம், நோயெதிர்க்கும் டி-செல்கள் குறைவு. இதில் பெரிதுபடுத்திச் சொல்ல யாருக்கும் இடமில்லை; ரத்தத்துக்குப் புலம்பத் தெரியாது. அதே வருடம் மினசோட்டாவிலிருந்து வந்தது இன்னொன்று. ஏழைத் தாய்களுக்குப் பிறந்த குழந்தைகளின் பிணைப்பை 12, 18 மாதங்களில் பதிந்து வைத்து, அவர்கள் 32 வயதை எட்டியபோது உடல்நலத்தைக் கேட்டார்கள். இரண்டு வயதுக்குள் பாதுகாப்பற்ற பிணைப்பு பதிவானவர்கள் அதிக நோய்களைச் சொன்னார்கள். நோயைச் சொன்னது அவர்களே என்றாலும், பிணைப்பைப் பார்த்துப் பதிந்தது முப்பது வருடம் முன்னால், வேறு ஆட்கள்.

இப்போது 'தொட்டாற்சுருங்கி'களுக்கு வருவோம். பிணைப்பையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. உளவியலாளர்களான எலெய்ன் ஆரனும் ஆர்தர் ஆரனும் 1997-இல் நுண்ணுணர்வு என்பதை அளக்க 27 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலைத் தந்தார்கள். பெரிய சத்தம் தாங்க முடிகிறதா, காஃபி உடனே வேலை செய்கிறதா, பக்கத்தில் இருப்பவரின் மனநிலை உங்களைத் தொற்றுகிறதா என்ற மாதிரிக் கேள்விகள். தீபாவளி ராத்திரி டர்பனில் நாய்களோடு சேர்ந்து கட்டிலுக்கடியில் ஒளிய நினைக்கும் பிள்ளை, கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர் சத்தத்தில் பத்து நிமிடத்தில் தலைவலி வரும் அத்தை, இவர்களெல்லாம் நினைவுக்கு வருவார்கள். இது ஓரளவு பிறவியோடு வரும் சுபாவம், நோய் இல்லை. 2018-இல் ஃபிரான்செஸ்கா லியோனெட்டி குழு பார்த்த வயதுவந்தோரில் சுமார் 31% பேர் இதில் மேல்மட்டம், 40% நடுத்தரம், 29% கீழ்மட்டம். மூன்றில் ஒருவர் என்றால் அபூர்வப் பிறவிகள் இல்லை.

நுண்ணுணர்வு கூடியவர்கள் மன அழுத்தத்தையும் உடல் தொந்தரவுகளையும் அதிகம் சொல்கிறார்கள் என்று கிராண்ட் பென்ஹம் 2006-இல் கல்லூரி மாணவர்களிடம் கண்டார். ஒரு பகுதி எளிதாகப் புரியக்கூடியது: மற்றவர் கவனிக்காமல் விடும் குடல் அசைவையும் படபடப்பையும் இவர்கள் கவனிக்கிறார்கள், கவனித்தது கவலையாகிறது, கவலை மறுபடி குடலையே இறுக்குகிறது. ஆனால் கதை அதோடு முடிவதில்லை. தாமஸ் பாய்ஸ் என்ற குழந்தை மருத்துவர் 1995-இல் வெளியிட்ட முடிவு இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. சின்னப் பிள்ளைகளில் சிலருக்கு சிறு நெருக்கடிக்கும் உடம்பு அதிகமாக எதிர்வினை காட்டும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வீட்டில் நெருக்கடி கூடினால் சளி, இருமல், மார்ச்சளி எல்லோரையும்விட அதிகம் வந்தது. அதே வகைப் பிள்ளை நிம்மதியான வீட்டில் இருந்தால் எல்லோரையும்விடக் குறைவாக வந்தது. குறைவாக என்பதை இன்னொரு தடவை படிக்கலாம். தொட்டாற்சுருங்கிப் பிள்ளை பலவீனமான பிள்ளை இல்லை. கெட்ட சூழலும் நல்ல சூழலும் அதன் உடம்பில் இரட்டிப்பாக ஏறுகின்றன, அவ்வளவுதான். ஆரன் தம்பதியும் இதையே வேறு விதமாகக் கண்டார்கள்: நுண்ணுணர்வோடு கசப்பான குழந்தைப் பருவமும் சேர்ந்தவர்கள்தான் துவண்டு போனார்கள், மற்ற நுண்ணுணர்வுக்காரர்கள் சாதாரணமாகவே இருந்தார்கள். பிணைப்பும் நுண்ணுணர்வும் சந்திக்கும் இடம் இதுதான்.

நம்மிடம் இந்தப் பிள்ளைகளுக்குப் பழைய வைத்தியம் உண்டு. திருஷ்டி என்று உப்பு மிளகாய் சுற்றிப் போடுவார்கள். அறிவியல்படி மிளகாயில் ஒன்றுமில்லை. ஆனால் ஆயா மடியில் உட்கார வைத்து, தலையைத் தடவி, அரை மணி நேரம் வேறு யாரையும் பேச விடாமல் அந்தப் பிள்ளையையே கவனிப்பதில் நிறையவே இருக்கிறது. நோய் தீர்ந்தால் காவடி எடுக்கிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொள்கிறவரையும் இப்படிப் பார்க்கலாம். கடவுளும் ஒரு பிணைப்புருவாக, அதாவது பயம் வந்தால் ஓடிப்போய் நிற்கும் ஆளாக, வேலை செய்ய முடியும் என்று லீ கர்க்பேட்ரிக் போன்ற உளவியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அது போதாதென்று தைப்பூசத்தில் அந்த ஆளைச் சுற்றி விரதமிருக்கும் குடும்பமும் தண்ணீர் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கும் மச்சானும் வேறு. ஒரே ஆபத்து: காவடியை நம்பி இன்சுலினை நிறுத்துவது. அதைச் செய்யாதீர்கள்.

இந்த ஊரில் ஆயா மடி எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. இன வாரியாகக் குடியிருப்புகளைப் பிரிக்க 1950-இல் வந்த குழுப்பகுதிச் சட்டம் டர்பனின் பழைய தெருக்களைக் கலைத்தது. நகராட்சித் தொழிலாளர்களான தமிழரும் தெலுங்கரும் தலைமுறைகளாக வாழ்ந்த மேகசின் பேரக்ஸ் காலியாகி, 1960-களில் குடும்பங்கள் சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றப்பட்டன. கூட்டுக் குடும்பம் சின்னச் சின்ன வீடுகளாகச் சிதறியது. அப்பாவும் அம்மாவும் பஸ் பிடித்துத் தொலைவில் வேலைக்குப் போனார்கள். இதனால்தான் இன்று இவ்வளவு சுகர், இவ்வளவு பிரஷர் என்று எழுதினால் கைதட்டல் கிடைக்கும், ஆனால் அது உண்மையாகாது. பரம்பரையும் சாப்பாடும் உட்கார்ந்த வேலையும் முன்வரிசையில் நிற்கின்றன. ஏழ்மையும் இடப்பெயர்வும் பிணைப்பைக் கட்டாயம் உடைத்துவிடும் என்பதும் இல்லை. அதற்குச் சான்று கேப் டவுன் பக்கத்தில் காயலிட்ஷாவில் இருக்கிறது. தகரக் குடிசைகளும் வேலையின்மையும் நிறைந்த அந்தக் குடியிருப்பில் மார்க் டாம்லின்சனும் சக ஆய்வாளர்களும் 2005-இல் கண்டது: 18 மாதக் குழந்தைகளில் சுமார் 62% பேருக்குப் பாதுகாப்பான பிணைப்பு. வசதியான நாடுகளில் காணும் அளவுக்குக் கிட்டத்தட்ட சமம்.

நம் கிளினிக்குகளில் இதையெல்லாம் வைத்து என்ன செய்ய முடியும்? ஓயாமல் தொந்தரவு சொல்லும் நோயாளிக்கு என்ன உதவும் என்று 1986-லேயே தெரிந்துவிட்டது. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்மித் குழு, காரணம் பிடிபடாத பல நோவுகளோடு வருபவர்களின் டாக்டர்களுக்கு ஓர் ஆலோசனைக் கடிதம் அனுப்பியது: 'வலி வந்தால் வாருங்கள்' என்று விட்டுவிடாதீர்கள், நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை நாள் குறித்துப் பாருங்கள், ஒவ்வொரு தடவையும் தொட்டுப் பரிசோதியுங்கள், 'எல்லாம் உங்கள் மனசில்தான்' என்று சொல்லாதீர்கள். மருத்துவச் செலவு 53% குறைந்தது, உடல்நலம் கெடவில்லை. வலி இருந்தால்தான் டாக்டர் முகம் தெரியும் என்ற நிலைமை போனதும் வலிக்கு வேலை குறைந்துவிட்டது. நம் பெரியம்மாக்களைக் கூட்டிக்கொண்டு போகிற மகள், மருமகள்கள் இதைக் கேட்டு வாங்கலாம்: "அடுத்த மாதம் எந்தத் தேதியில் வர வேண்டும்? இதே டாக்டரைப் பார்க்க முடியுமா?" முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். இரண்டாவதற்கு அரசு கிளினிக்கில் சண்டை போட வேண்டியிருக்கும்.

மாமாக்கள் விஷயம் வேறு. தென்னாப்பிரிக்காவில் 2014 முதல், நோய் கட்டுக்குள் இருப்பவர்கள் வரிசையில் நிற்காமல் பக்கத்து ஃபார்மசியிலேயே மாதாந்திர மாத்திரையை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு வந்திருக்கிறது. அருமையான திட்டம், பெஞ்சில் காத்துக் கிடந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் யார் முகத்தையும் பார்க்காமல் பையை வாங்கிக்கொண்டு போவது விலகல்காரருக்கு ரொம்பவே வசதி. எப்போதாவது வரும் பரிசோதனையில் நர்ஸ் "எப்படி இருக்கிறீர்கள்?" என்றால் "சூப்பர்" என்பார். அவரிடம் கேள்வியை மாற்ற வேண்டும். "சாக்ஸைக் கழற்றுங்கள்" என்று சொல்லலாம். காகிதத்தில் அவருடைய சர்க்கரை எண்ணை எழுதிக் காட்டி, "இதை எப்படிக் குறைக்கலாம், நீங்களே சொல்லுங்கள்" என்று பொறுப்பை அவரிடமே கொடுக்கலாம். அக்கறையைத் தாங்காதவர்கள் எண்ணைத் தாங்குவார்கள்.

தொட்டாற்சுருங்கி வகையினருக்கு முதலில் தூக்கம், சத்தம், காஃபி மூன்றையும் சரி பார்க்கச் சொல்வேன். அதிலேயே பாதித் தலைவலி போய்விடுவதை வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: நெஞ்சு இறுக்கம், திடீர் மரமரப்பு, காரணமில்லாமல் எடை குறைவது, மலத்தில் ரத்தம் இவை எந்தச் சுபாவக்காரருக்கு வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். 'அவள் எப்போதும் இப்படித்தான்' என்று வீட்டில் சொல்லி உட்கார வைத்துவிடக் கூடாது.

பிணைப்பு மாறுமா என்று கேட்பார்கள். மாறும், மெதுவாக; நல்ல துணையாலும் சிகிச்சையாலும் பாதுகாப்பை நோக்கி நகர்ந்தவர்கள் உண்டு. ஆனால் மிகக் குறைந்த செலவில் மாற்றக்கூடிய வயது முதல் வயதுதான். காயலிட்ஷாவிலேயே இன்னொரு ஆய்வு நடந்து 2009-இல் முடிவு வந்தது. 449 கர்ப்பிணிகள். பாதிப் பேர் வீட்டுக்கு அதே குடியிருப்பைச் சேர்ந்த, இதற்காகப் பயிற்சி பெற்ற பெண்கள் பிரசவத்துக்கு முன்பிருந்து குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை 16 தடவை போய் உட்கார்ந்து பேசினார்கள். குழந்தை எதற்கு அழுகிறது, எதற்குச் சிரிக்கிறது என்று தாயோடு சேர்ந்து கவனித்தார்கள். ஒன்றரை வயதில் அந்த வீட்டுக் குழந்தைகளில் 74% பேருக்குப் பாதுகாப்பான பிணைப்பு, மற்றவர்களில் 63%. சாட்ஸ்வொர்த்தில் ஓய்வு பெற்ற டீச்சர்களும் ஆயாக்களும் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேரைக் கோவில் சங்கங்கள் இப்படி அனுப்பி வைக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.